வெள்ளைச் சிலந்திப் பொடவு

கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரமாகும். பனியன் மூட்டை மேலேயே நெருங்கி உட்காருங்கள். இது நம் முனீஸின் அக்கா புருஷன், திருநெல்வேலிக்காரன் சுடலைக்கு நடந்தது. பொய்யென்றால் முனீஸ் இங்கேதான் இருக்கிறான், அவனே சொல்லட்டும்.

இரவு ஒரு மணி. காங்கயம் தாண்டி, ஆளில்லாத மண்ரோடு... சுடலை அப்போது ஒரு சாயப்பட்டறைக்கு டேங்கர் லாரி ஓட்டினான். கழிவுத் தண்ணீரை ஆற்றில் விட்டால் கோர்ட்டு, கேஸு என்று ஆகிவிட்ட நேரம். அதனால் முதலாளி ஒரு பாறைக் கரட்டில் இருந்த குகையை, அந்தப் பொடவைக் காட்டியிருந்தார். லைட்டை அணைத்து, குழாயை உள்ளே செருகி, வால்வைத் திறந்துவிட வேண்டும். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் மனசு கேட்காது அல்லவா! போன மாதம் அப்படித்தான் ஒரு லோடு சிவப்புச் சாயத் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்தான்.

அன்றும் லைட்டை அணைத்தான். கும்மிருட்டு. உள்ளே சொட்... சொட்... குழாயோடு போனால், குகை வாசலில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்.

"வாங்க தம்பி. இன்னைக்கு ஊத்த வேண்டாமுங்க."

"யாரு அண்ணாச்சி நீங்க?"

"பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமிங்க. இந்தப் பொடவுக்குள்ள வெள்ளைச் சிலந்தி இருக்குதுங்க. கண்ணே இல்லீங்க அதுகளுக்கு. வேற எங்கயும் இல்லைன்னு காலேஜுக்காரங்க சொன்னாங்க. நாந்தான் தெனமும் ராத்திரி உள்ள போய்ப் பாத்துக்குவேன். போன மாசம் பாதிக்கு மேல செத்துப்போச்சுங்க. இன்னொருக்கா ஊத்துனா ஒண்ணும் மிஞ்சாதுங்க."

குரலில் கோபமே இல்லை. கிட்டே போகப் போகச் சாய நாற்றம்... டேங்கரிலிருந்து இல்லை. அந்த ஆளிடமிருந்து.

"அன்னைக்கு நீங்க... உள்ள இருந்தியளா?"

"இருந்தேனுங்க. நான் போனது போவுது. அதுகளை உட்டுருங்க தம்பி."

சுடலை ஓடிப்போய் ஹெட்லைட்டைப் போட்டான். வாசலில் யாரும் இல்லை. பாறையில் ஈரம் மட்டும்... சிவப்பாக, ஒரு ஆள் உட்கார்ந்திருந்த அளவுக்கு.

ஒரு சொட்டும் ஊற்றாமல் திரும்பியவன் அன்றோடு வேலையை விட்டான். வேல்விழி, சிரிப்பதைக் கரண்ட் வந்தபிறகு வைத்துக்கொள். அந்தப் பாவி முதலாளி வேறு டிரைவர்களை அனுப்பினான். அத்தனை பேரும் லோடோடு திரும்பி வந்தார்கள். வாசலில் இப்போது இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்களாம். ஒருவர் நம் ஊர்ப் பேச்சு. இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு... "ஊத்தாதிய அண்ணாச்சி" என்று அழுகிறாராம்.

சுடலை செத்துப்போகவில்லை. அருள்புரத்தில்தான் இருக்கிறான். ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறான். படுத்ததும் உடம்பு ஐஸாகிவிடுகிறது... மூக்கில் விரல் வைத்துப் பார்த்தால் மூச்சு இல்லை என்கிறாள் முனீஸின் அக்கா. பயந்துபோய் இரவெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

விடிந்ததும் எழுந்து டீ கேட்கிறான்.