கோணச் சுவரு

உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல தம்பி, கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுப் பாக்காதீங்க. சுவரேதான் கோணல். மேல போகப் போக நாலு விரல் வெளிய தள்ளி நிக்கும். அம்பது வருசமா நிக்குது, இன்னிக்கா உங்க மேல விழப்போவுது? அய்யோ, அந்த பெஞ்சுல உக்காராதீங்க, இப்பத்தான் ஈரத்துணி போட்டேன்.

அம்பதாவது வருச விழாப் புத்தகத்துக்குச் சபை வரலாறு வேணுமா? என்ன பெரிய வரலாறு. முந்தி மாவு மில்லுக்குப் பின்னால ஒரு கிடங்குலதான் ஆராதன. ஜெபம் முடிஞ்சு எழுந்தா வயசுப் புள்ளைங்களுக்குக்கூட தல நரச்சிருக்கும். அப்ப இருந்த போதகரு ஆமென் சொல்ல வாயத் தொறந்தா தும்மல்தான் வரும். அந்தத் தும்மல் தாங்காமத்தான் கோயில் கட்டினோம்னு சொல்லுவாங்க. சிரிச்சா மட்டும் போதாது, எழுதிக்கோங்க.

கொத்தனாரு எங்க அண்ணன். கல்லு சுமந்தது சபை ஜனம். இந்தச் சுவத்துக்கு நூல் வேல எனக்கு. மூலைக்கு மூல ஆணியடிச்சு நூலு கட்டி, ஒரு வரி செங்கல் முடிஞ்சா அடுத்த வரிக்கு ஏத்தணும். நூலப் பாத்துத்தான் அண்ணன் கல்லு வெப்பாரு.

சுவரு ஏறும்போதே வெளியூர்லேருந்து தச்சரு ஒருத்தரு வந்து கூரைக்கு மரம் அறுக்க ஆரம்பிச்சிட்டாரு. அதான், வாசல்ல உங்கள நிறுத்தி அர மணி நேரம் கதையளந்தாரே, அவரேதான். அவரு போட்ட கூரை ஒரு நாளும் ஒழுகினதில்ல, வாய்தான் ஒழுகும். சுவரு கோணிக்கிச்சா, அறுத்த மரம் ஒண்ணும் எட்டல. ஒட்டு போட ரெண்டு மாசம் கூடுதலாத் தங்கினாரு. மூணாம் மாசம் எங்களுக்குக் கல்யாணம்.

அண்ணனா? அவருக்குக் கோணக் கொத்தன்னு பேரு வெச்சாங்க. அப்புறம் இந்தத் தெருவுல ஒரு வாசப்படி கட்டக்கூட அவர யாரும் கூப்பிடல. இப்பவும் ஆராதனைக்கு வருவாரு, இந்தச் சுவத்துக்கு முதுகக் காட்டித்தான் உக்காருவாரு. உங்க புத்தகத்துலயும் கொத்தனாரோட கவனக்குறைவுன்னு போட்டிருக்கீங்களாமே? ஞாயித்துக்கெழம விழாவுல அவர எதிர்ல வெச்சுக்கிட்டா அதப் படிப்பீங்க? அத அடிச்சிடுங்க தம்பி.

ஆணிய நகத்தினது நான்தான்.

கூரை முடிஞ்சா தச்சரு ஊருக்குப் போயிடுவாரேன்னு, வரிக்கு வரி நூலத் துளி வெளிய தள்ளிக் கட்டினேன். நாலு வரியிலயே கண்டுபிடிச்சிடுவாங்க, பிரிச்சுக் கட்டினா வேல பத்து நாள் இழுக்கும்னு நெனச்சேன். யாரும் பாக்கல. அப்புறம் சொல்லப் பயம், அதுக்கப்புறம் வெக்கம். வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லல, அவரு வாய் தெரியுமே.

பேனாவ ஏன் வெச்சிட்டீங்க? எழுதுங்க.

சுவரு நேரா ஏறுதான்னு அண்ணன் தூக்குக்குண்டு போட்டுப் பாத்திருக்கலாமேன்னுதான கேக்குறீங்க? மத்த மூணு சுவத்துக்கும் போட்டாரு. இதுக்கு மட்டும் போடல. நூலு தங்கச்சி கையிலதான இருந்துச்சு.