பின்சுவரில் வைத்த காற்றுவாய்

"ஹலோ... ஹலோ, பஹ்மியா தங்கச்சியோ?... நான் றெக்சன்... ஓம், ஓம், காத்துக் குழாய் பூட்டின றெக்சன். காத்து வாற கிறில் ஒண்டு கடகடக்குது, வந்து இறுக்குங்கோ எண்டனீங்கள்... இல்லை, அதை விடுங்கோ. பக்கத்து வீட்டில சொன்னவை, உங்கட உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எண்டு. இப்ப எப்பிடி?... கண் முழிக்கிறாவா?... ம்... ம்... சுகர் இறங்கிட்டுது எண்டோ சொல்லினம்?"

லிங்கநகரில், பஹ்மியாவின் வீட்டுப் பின்வளவில் நின்றுகொண்டிருந்தான் றெக்சன். சற்று முன்புதான் ஜெனரேட்டரை நிற்பாட்டியிருந்தான். புகைக்குழாய் இன்னும் சுட்டது. அதற்கு இரண்டடி மேலே, போன மாதம் அவன் பூட்டிய காற்றுவாய். உம்மாவின் மூச்சிழுப்புக்காகச் செய்த வேலை அது. வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, சீலிங்குக்கு மேலே ஓடும் குழாய்களால் அறை அறையாக அனுப்பும்.

"தங்கச்சி, ஒண்டு கேக்கிறன். மூண்டு நாளா லைன் வேலைக்கெண்டு காலமையில கரண்டை வெட்டுறாங்கள், என்ன?... ஓம். அந்த மூண்டு நாளும் உம்மாவுக்குத் தலையிடி, வயித்தைப் பிரட்டிச் சத்தி... ஓம். பின்னேரம் கரண்ட் வந்தாப் பிறகு குறையிறதோ?... ஓம். அப்ப சரி. இது சுகர் இல்லை. ஜெனரேட்டர் புகை."

குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. சுவரின் நீள அகலத்தை வாசித்துச் சொல்பவனைப் போல் இருந்தது.

"இல்லை, வெளியிலதான் நிக்குது. கேளுங்கோ. காத்தை இழுக்கிற வாயை முன்சுவரில, கடலைப் பாத்து வைக்கச் சொல்லித்தான் பூட்டுற முறை போட்ட படத்தில கிடந்தது. உப்புக்காத்து ஃபேனைத் திண்டுபோடும், ஒரு வருசம் நிக்காது எண்டு நான் பின்சுவருக்கு மாத்தினனான். இஞ்ச ஏ.சி. பூட்டுறவன், தண்ணி மோட்டர் வைக்கிறவன், எல்லாரும் அப்பிடித்தான்... ஓம், ஜெனரேட்டர் அதில நிண்டதைக் கண்டனான். கரண்ட் போனா ஃபேனும் நிண்டிடும், புகை உள்ள போகாது எண்டு கணக்குப் போட்டனான்... ஓம். பிறகு கடைசி நாள், கரண்ட் இல்லாட்டி உம்மாவுக்குப் புழுங்குமே எண்டு, ஃபேன் லைனை ஜெனரேட்டரோட தொடுத்து விட்டன். முதல் போட்ட கணக்கு அப்ப நினைவில வரேல்லை... ஓம். நான்தான்."

ஒரு எறும்பு அவன் மணிக்கட்டில் ஏறிப் போனது. தட்டிவிட வேண்டும் என்று தோன்றவில்லை.

"மணக்கேல்லையோ?... மணக்காது. உள்ளுக்கு ஒரு கரி ஃபில்ட்டர் இருக்கு, கரையிலயிருந்து மீன்மணம் வரக்கூடாது எண்டு போட்டது. கரி மணத்தைப் பிடிக்கும். இந்த வாயுவைப் பிடிக்காது. இதுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை... என்ன? விரலில கொழுவுற கிளிப் ஒட்சிசன் தொண்ணூற்றெட்டுக் காட்டுதோ? தங்கச்சி, அதை நம்பாதேங்கோ. அது இரத்தத்தின்ர சிவப்பைப் பாத்துத்தான் சொல்லுறது. இந்த வாயு ஏறின இரத்தமும் சிவப்பாத்தான் இருக்கும், கிளிப்புக்கு வித்தியாசம் தெரியாது. டோகாவில வேலை செய்யேக்க எங்களுக்குப் படிப்பிச்சது. இரத்தம் எடுத்துத்தான் பாக்கோணும். ஒட்சிசன் இப்பவே குடுக்கோணும்... பிறகு அழலாம். எழும்புங்கோ. டொக்டரிட்டப் போங்கோ. போனை அவரிட்டக் குடுங்கோ."

செருப்புச் சத்தம் ஓடியது. கதவு ஒன்று அடித்தது. யாரோ இருமினார்கள்.

"வணக்கம் டொக்டர்... காபன் மொனொக்சைட், டொக்டர். ஜெனரேட்டர் புகை, காத்துக் குழாயால அறைக்குள்ள போயிருக்கு... இண்டைக்குக் காலமை எட்டிலயிருந்து ஒண்டரை மட்டும். இவ பள்ளிக்கூடத்தில படிப்பிச்சுப்போட்டு வந்து பாக்கும் மட்டும் உம்மா தனியத்தான் கிடந்திருக்கிறா. முந்தின ரெண்டு நாளும் அப்பிடித்தான்... ஓம், நிச்சயம். புகைக்குழாயும் காத்துவாயும் என்ர கண்ணுக்கு முன்னால இருக்கு... பூட்டினது நான். றெக்சன்... எழுதுங்கோ டொக்டர், பரவாயில்லை... ஓம்... ஓம். நான் ஒரு இடமும் போகமாட்டன்."

போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. அவன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"தங்கச்சி?... போட்டாச்சோ? முகமூடி ஓரத்தால காத்துப் போகுதோ எண்டு பாருங்கோ, இறுக்கமா இருக்கோணும்... நல்லது... அதை எனக்குச் சொல்ல ஏலாது. டொக்டர்தான் சொல்லோணும்... இரத்தம் சோதிக்கக் கொண்டுபோயிட்டினம் எண்டா இனி அது வந்தாத்தான்... ம்... மற்ற அறையளுக்கோ? போயிருக்கும். கொஞ்சமா. குழாய் பிரியிற இடத்தில ஒரு தகடு இருக்கு. எந்த அறைக்கு எவ்வளவு எண்டு அதைத் திருப்பித்தான் விடுறது... உம்மாட அறைக்கு முழுசாத் திறந்து கிடக்கு."

அவ்வளவு திறக்கச் சொன்னது தான்தானே என்று அவள் கேட்டாள். அன்று ஏணியடியில் நின்று, உம்மாவின் அறைக்கு இன்னும், இன்னும் என்று மூன்று தரம் திறக்கச் சொன்னது அவள்தான். மூன்றாம் தரம் சொல்லும்போது கிறிலுக்கு நேரே கையை நீட்டிக் காற்றைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள்.

"இல்லை... நீங்கள் சொல்லேல்லை... இல்லை தங்கச்சி, உங்களுக்கு மாறி நினைவு. நீங்கள் அந்த நேரம் குசினியில தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிண்டனீங்கள். என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை... ஓம்... ஓம், எனக்கு வடிவாத் தெரியும். நான்தான் திறந்தது... ஹலோ?... ஹலோ?"