முந்திரித்தோப்புப் பக்கம் திரும்பினேன்

ஓடுகிறேன். இடுப்பில் ரூத். என் மகள். நான்கு வயது. கழுத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். வலது கையில் செல்வராணியின் மணிக்கட்டு. அவள் என் நாத்தனார். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள். எட்டாம் மாதம். அவளால் ஓட முடியாது. இழுக்கிறேன்.

பின்னால் வெடிச்சத்தம். ஒன்று. எண்ணுகிறேன். இரண்டு.

வெடி எங்களுக்குப் பழகிய சத்தம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் தினமும் வைப்பார்கள். முதலில் விசில் ஊதும். சிவப்புக் கொடி காட்டுவார்கள். பிறகுதான் வெடி. அடுக்கில் பாத்திரம் அதிரும். அவ்வளவுதான். இந்த வெடிக்கு விசில் இல்லை. கிட்டத்தில் கேட்கிறது. வெடித்த பிறகு ஆணியும் கண்ணாடியும் மண்சுவரில் தெறிக்கிற சத்தம்.

"தெக்கால ஓடாதீங்க. தெக்கால நிக்கிறானுங்க."

புகைக்குள்ளிருந்து ஒரு பெண் கத்துகிறாள். குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

எண்பத்திரண்டாம் வருஷம். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள். சனிக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டு நாற்பது. செந்துறை பஸ் அப்போதுதான் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஊர்ப் பேரை நான் சொல்லவில்லை. அந்த ஊரில் இப்போதும் இரண்டு தெருப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அரசாங்கக் காகிதத்தில் நடந்ததற்குக் கலவரம் என்று பேர். எங்கள் தெருவில் சண்டை வருஷம் என்போம். யுத்தத்தை நான் பார்த்ததில்லை. பார்த்தது இதுதான்.

காரணம் சின்னது. ஓலைப் பவனியை எங்கள் தெருவுக்குள்ளேயே சுற்றி முடித்துவிடுவது வழக்கம். அந்த வருஷம் மெயின் ரோட்டு வழியாக பஸ் நிறுத்தம் வரை போவது என்று சபை முடிவெடுத்தது. ஊர்த்தெருவில் இருக்கிற மேல்சாதிக்காரர்கள் ஆகாது என்றார்கள். இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள். எங்கள் உபதேசியார் தேவசகாயம் ஐயா வியாழக்கிழமை ஜெபத்தில் எல்லோரையும் கேட்டார். "பயமா இருக்கறவங்க சொல்லுங்க. தப்பில்ல." யாரும் சொல்லவில்லை. எனக்குப் பயம் இருந்தது. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருவார்கள் என்று நினைத்தோம். சனிக்கிழமை வந்தார்கள். ஆண்கள் சுரங்கத்தில் இருக்கிற நேரம் பார்த்து வந்தார்கள்.

முதல் தீ வடக்குக் கோடியில். கீற்றுக் கூரை. பங்குனி வெயிலில் காய்ந்தது. ஒரு வீடு எரிந்து அடுத்த வீடு பிடிக்கிற நேரத்தில் ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. மூங்கில் வெடிக்கிறது. ஆடுகள் கட்டிய இடத்திலேயே கத்துகின்றன. பிறகு கத்தவில்லை.

தெருமுனையில் நின்றேன். கிழக்கே எங்கள் சபைக் கோவில். மேற்கே முந்திரித்தோப்பு. கோவில் ஒன்றுதான் எங்கள் தெருவில் ஓட்டுக் கட்டடம். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுகிறார்கள். செல்வராணியும் அந்தப் பக்கம் திரும்புகிறாள்.

"அண்ணி, கோவிலுக்குப் போயிடலாம். கோவில்ல கை வைக்க மாட்டாங்க."

ஆண்டவரே, எந்தப் பக்கம். கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன். பதில் எதுவும் வரவில்லை. குரலும் இல்லை, அடையாளமும் இல்லை. மூன்றாவது வெடி. அது எங்கள் பக்கத்துத் திண்ணையில் விழுந்தது. ரூத் வீறிட்டாள். காதைப் பொத்திக்கொண்டாள். என் கால் மேற்கே திரும்பியது. அதைத்தான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

செல்வராணியை இழுத்தேன்.

முந்திரி மரம் தாழ்ந்தது. கிளை தரையைத் தொடும். குனிந்துதான் போக வேண்டும். உதிர்ந்த சருகு. ஒவ்வொரு அடிக்கும் சத்தம். பழம் பழுத்த வாடை. நூறு அடி போயிருப்போம். எதிரே மூன்று பேர். தப்பித்து ஓடுகிறவர்களை மறிப்பதற்காகவே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவனை எனக்குத் தெரியும். போன கார்த்திகையில் அவன் கடலைக்காட்டில் களை எடுத்தேன். அவன் பிள்ளைக்குக் காது குத்தினபோது பந்தலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவன் கையில் சவுக்குக் கட்டை.

முதல் அடி செல்வராணிக்கு. இடுப்பில். அவள் வயிற்றைப் பொத்திக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தாள். ரூத்தைக் கீழே போட்டேன். செல்வராணிமேல் கவிழ்ந்து படுத்தேன். அடுத்த அடி என் கையில். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. பிறகு முதுகில். பிறகு யாரோ உதைத்தார்கள். உதை எனக்குக் கீழே போனது. அவளுக்குத்தான் விழுந்தது.

என் முகம் சருகில். அவள் வாய் என் காதருகில்.

"அண்ணி, புள்ள அசையுது. இன்னும் அசையுது."

கோவில் பக்கமிருந்து யாரோ விசிலடித்தார்கள். "எல்லாரும் இங்க கெடக்கறாளுங்கடா. வாங்கடா." மூன்று பேரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். தெரிந்தவன் கடைசியாகப் போனான். என்னைப் பார்த்தான்.

எழுந்தோம். எப்படி எழுந்தோம் என்று நினைவில்லை. ரூத் என் முந்தானையைப் பிடித்து நடந்தாள். இடது காதிலிருந்து ரத்தம். அழவில்லை. அரியலூர் ரோட்டுக்கு வந்தபோது இரண்டே கால் இருக்கும். செல்வராணியின் பாவாடை நனைந்திருந்தது. எதிரே வந்த இரண்டு வண்டி எங்களைப் பார்த்து வேகமெடுத்தது. மூன்றாவது ஒரு வேன். நின்றது.

ஓட்டியவர் காதர் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர். எங்கள் பக்கம் முந்திரிக்கொட்டை வாங்க வருவார். பக்கத்தில் அவர் மனைவி. ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகிறார்கள்.

"ஏறுங்கம்மா. கேள்வி அப்பறம். ஏறுங்க."

வேனில் கிடந்த முந்திரி மூட்டைகளுக்கு நடுவே செல்வராணியைப் படுக்க வைத்தோம். அரை மைல் போகவில்லை. ரோட்டில் கல் உருட்டி வைத்திருக்கிறார்கள். ஏழெட்டுப் பேர். கையில் கட்டை. அந்த அம்மா தன்மேல் போட்டிருந்த வெள்ளைத் துப்பட்டியை உருவினார். செல்வராணியைத் தலையிலிருந்து கால்வரை மூடினார். எனக்கு மடியிலிருந்த இன்னொன்றைக் கொடுத்தார். "போத்துக்க. தலைய குனிஞ்சிக்க." ரூத்தை அதற்குள் இழுத்துக்கொண்டேன்.

ஒருவன் ஜன்னலில் குனிந்தான். "யாரு பாய் உள்ள?"

"எங்க வூட்டுப் பொம்பளைங்க. தங்கச்சிக்கு வலி கண்டுடுச்சி. ஆஸ்பத்திரிக்குப் போறோம். கல்ல எடுப்பா."

துப்பட்டியில் ரத்தம் பூத்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். வலி கண்ட பெண்ணுக்கு ரத்தம் வரும் என்று நினைத்திருப்பான். கல்லை எடுத்தான்.

மூன்று மணி பத்து நிமிஷம். அரியலூர் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. கூட்ஸ் வண்டி. பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. பாய் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து முனகுகிறார். அவர் மனைவி அவர்கள் வழியில் துஆ ஓதுகிறார். நான் எங்கள் வழியில் ஜெபிக்கிறேன். செல்வராணி கண்ணைத் திறந்தாள்.

"அசையல அண்ணி."

கேட் திறந்தது. மூன்று பதினெட்டு.

கோவிலில் நடந்தது எனக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. உள்ளே நாற்பத்தொரு பேர். உள்தாழ்ப்பாள் இத்துப்போனது. உள்ளிருந்து பூட்ட முடியாது. தேவசகாயம் ஐயா வெளியே வந்தார். கதவை இழுத்துப் பெரிய பூட்டைப் போட்டார். சாவியைக் கற்றாழைப் புதரில் வீசினார். வாசலில் நின்றார். வந்தவர்கள் சாவி கேட்டார்கள். என்னிடம் இல்லை என்றார். அது உண்மை. மறுபடி கேட்டார்கள். அரிவாளால் கேட்டார்கள். அவர் விழுந்த பிறகு கதவை வெட்டினார்கள். பர்மாத் தேக்கு. பிளக்கவில்லை. ஓட்டில் பந்தம் எறிந்தார்கள். பிடிக்கவில்லை. சுரங்கத்திலிருந்து ஆண்கள் லாரியில் வருகிற சத்தம் கேட்டது. ஓடிவிட்டார்கள். நாற்பத்தொரு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

கோவிலுக்குப் போயிருந்தால் நாற்பத்துநான்கு.

என் கணவர் யாக்கோபு ராத்திரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். சட்டையெல்லாம் கரி. தங்கையைப் பார்த்தார். துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பார்த்தார். வராந்தாவுக்கு வந்து என்னைக் கேட்டார்.

"யார கேட்டு அந்தப் பக்கம் போன?"

"ஆண்டவர கேட்டுத்தான் போனேன்."

கையில் மாவுக்கட்டு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. என்னை ஏன் அங்கே திருப்பினீர் என்று மட்டும் வந்தது. அதையே விடிகிறவரை சொன்னேன். அதுவும் ஜெபம்தான் என்று இப்போது நினைக்கிறேன். கோபித்துக்கொண்டாலும் அவரிடம்தானே கோபித்தேன். வேறு யாரிடமும் போகவில்லை.

செல்வராணி பத்து மாதம் என்னிடம் பேசவில்லை. புருஷன் வீட்டுக்குத் திரும்பாமல் எங்கள் வீட்டிலேதான் இருந்தாள். நான் போட்ட சோற்றைத்தான் சாப்பிட்டாள். பேசவில்லை. ஒருநாள் இரண்டு பேரும் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தோம். கையெல்லாம் பால் பட்டுக் கறுத்திருந்தது. தலை நிமிராமல் சொன்னாள்.

"கோவிலுக்குப் போயிருந்தா எம்புள்ள இருந்திருக்கும். அத நான் நெனைக்காத நாளு இல்ல."

"தெரியும் ராணி."

"கைய விட்டுட்டு ஓடியிருக்கலாம் நீங்க. ரூத்து வேற இருந்தா. விடல." அடுத்த கொட்டையை எடுத்துக்கொண்டே, "ரெண்டையும் சேத்துத்தான் நெனைக்கிறேன்" என்றாள்.

அடுத்த குருத்தோலை ஞாயிற்றில் மெயின் ரோட்டில் நடந்தோம். இரண்டு பக்கமும் போலீஸ். ஜன்னல்கள் மூடியிருந்தன. ஒரு கல் வரவில்லை. செல்வராணி எனக்கு முன்னால் நடந்தாள். பாட்டுப் பாடினாள். குரல் உடைந்தது. நிறுத்தவில்லை.

சிலர் ஆறுதலுக்குச் சொல்வார்கள். பாய் வண்டியை ஆண்டவர்தான் அனுப்பினார் என்பார்கள். நான் மறுப்பதில்லை. அப்படியானால் அந்த மூன்று பேரை யார் உட்கார வைத்தது என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் இல்லை. வழி கேட்டால் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று சின்ன வயதில் கற்றேன். இன்று அதை அப்படியே சொல்ல என்னால் முடியாது. ஒன்று மட்டும் சொல்ல முடியும். நான் பயந்தவள். இடி இடித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலைக்குப் போவேன். அந்தச் சருகில் கட்டை அடிக்குக் கீழே படுத்திருந்தபோது எனக்குப் பயம் இல்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் அங்கே கிடக்கவில்லை என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று விளக்க மாட்டேன். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் நடந்தேன். இன்றும் காலையில் எழுந்து வழி கேட்கிறேன். கேட்டுவிட்டுத்தான் வாசலில் கால் வைக்கிறேன்.

மறக்கக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

வீடுகள் இருபத்துமூன்று. எரிந்தது பத்தொன்பது. ஆடுகள் பதினொன்று. ஒரு கன்றுக்குட்டி. சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. அது உபதேசியார் வீட்டில் இருந்தது. எங்கள் எல்லோருடைய பேரும் அதில் இருந்தது. ரூத்தின் இடது காது, அதில் இனி கேட்காது. என் வலது கை, முழங்கைக்குக் கீழே கோணிப்போனது. யாக்கோபு ஆறு வருஷம் கோவில் வாசல் மிதிக்கவில்லை. அதையும் இழப்பில்தான் எழுதுகிறேன்.

இறந்தவர்கள். தேவசகாயம் ஐயா. ஐம்பத்தெட்டு வயது. வடக்குக் கோடி வீட்டு சாலமோன். கண் தெரியாதவர். கட்டிலோடு கிடந்தார். செல்வராணியின் மகன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி இரண்டு பேர் என்று எழுதிக்கொண்டார். பிறக்காததைச் சேர்க்க முடியாதும்மா என்றார். துணியை விலக்கி நான் பார்த்தேன். தலை நிறைய முடி. விரல் பத்தும் இருந்தது. நகம் இருந்தது.

மூன்று பேர்.