எடைக்குப் போட்ட புத்தகம்

இல்ல கண்ணு, பை மடியிலயே இருக்கட்டும். பஸ்ல கீழ வச்சா எவனாவது மிதிப்பான். மிதிச்சா காலை ஒடிச்சிடுவேன், இன்னிக்கு நான் சரியில்ல.

உன் கழுத்துல தொங்குற அட்டையைப் பார்த்துத்தான் பக்கத்துல வந்து உட்கார்ந்தேன். நர்சிங் காலேஜ்தானே? என் பொண்ணும் அங்கதான். வகுப்புலயே குள்ளம், சிரிச்சா கட்டடமே அதிரும்... ஆங், அவளேதான்!

பையில அவளோட அனாடமி புத்தகம். விலைதான் தெரியுமே உனக்கு. நீ ஜெராக்ஸ்லயா படிக்கிற? ம்ம். எனக்கு ஆஸ்பத்திரி சலவையில வேலை. ஒரு மாசச் சம்பளம் அப்படியே போச்சு. அந்த மாசம் அடுப்பு எரிஞ்சதைவிட எங்க வயிறு எரிஞ்சதுதான் ஜாஸ்தி.

காலையில எங்க வீட்டுக்காரர், நல்ல மனுஷன்தான், பார்வைதான் மங்கல், பழைய பேப்பரோட இதையும் சேர்த்து எடைக்குப் போட்டுட்டார். ஓடினேன். கடைக்காரன் தொடச்சு கடை முன்னாடி விக்க வச்சிருக்கான். வாங்கினது கிலோ கணக்குல, கேக்குறது அட்டையில போட்ட விலை! நாளைக்குப் பரீட்சைய்யா, நீ கொடுத்த காசைத் திருப்பித் தர்றேன்னேன். கால்ல விழுந்தேன். அந்தக் காலாலயே தள்ளிட்டு, பீத்துணி துவைக்கிறவ பொண்ணுக்கு இவ்ளோ பெரிய புத்தகம் எதுக்குடின்னான். சொல்லிக்கிட்டே முதல் பக்கத்தைக் கிழிச்சான். அவ பேர் எழுதியிருந்த பக்கம்.

தராசுல ரெண்டு கிலோ கல்லு இருந்துச்சு.

எங்க, கையிலயா? அது போயிடும் விடு. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணிதான், வெந்நி பட்டா கறை ஒட்டிக்கும். புத்தகத்துல ஒரு சொட்டு படல. நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத்தான் அடிச்சேன்.

எங்க அடிக்கிறதுன்னு யோசிக்கவே இல்ல. அவ சத்தம் போட்டுப் படிப்பா, நான் துணி மடிச்சுக்கிட்டே கேப்பேன். நெத்திப்பொட்டுகிட்ட எலும்பு ரொம்ப மெல்லிசாம்.

அட, எங்க எந்திரிக்கிற? உட்காரு. உன்னை என்ன பண்ணப் போறேன்!

இந்தா, பிடி. அவகிட்ட கொடுத்துடு. கிழிஞ்ச பக்கமும் உள்ளேயே இருக்கு, பசை போட்டு ஒட்டிக்கச் சொல்லு. நான் அடுத்த ஸ்டாப்ல இறங்கணும். போலீஸ் ஸ்டேஷன் எதிர்லயேதானே நிக்கும்?

அம்மா எங்கன்னு கேட்டா வாயே திறக்காத. பரீட்சை முடியட்டும். அப்புறமா சொல்லு, அந்த எலும்புப் பாடம் சரிதான்னு. ஒரே அடிதான் கண்ணு.