கல்பாசி போன கல்லறை

ஹலோ... ஹலோ... ஆமா பாதிரியார் ஐயா, பெரில் டஃப்லிதான். சர்ச் கல்லறைத் தோட்டத்துலதான் நிக்கறேன்... சத்தமா பேசுங்க, இங்க மிஷின் ஓடுது... என்ன மிஷினா? அது வந்து... தண்ணி பீச்சற மிஷின்.

ஐயா... ஐயா, கத்தாதீங்க! ஞாயித்துக்கிழமை பேராயர் வராரே, எங்க மூதாதை ஜைல்ஸ் டஃப்லி மட்டும் அழுக்கா கிடந்தா நல்லாவா இருக்கும்? அதான் டெஸ்மண்டை ஏவிவிட்டேன்... ஆமா, என் புருஷனேதான்... ஆமா, ஆமா, அனுமதி வாங்கணும், தெரியும். தன் தாத்தா முதுகைத் தேய்க்கறதுக்கு எதுக்கு ஐயா அனுமதி?

என்னது, கல்பாசியா?... முந்நூறு வருஷத்துப் பாசியா?... அதைப் பாக்க லண்டன்லேர்ந்து ஆள் வேற வராங்களா? போச்சு... தயிரா? தயிர் பூசினா திரும்ப வளருமா? அவரு என்ன வெள்ளரிக்காயா, தயிர் ஊத்த!

யாரு போட்டுக்குடுத்தது, ஈனிட் கிரம்ப்பா? அதானே பாத்தேன்! ஜைல்ஸ் பக்கத்துல இருக்கற கடைசி ஆறடி மேல அவளுக்கு முப்பது வருஷமா கண்ணு. அது ஜைல்ஸ் வாரிசுக்குன்னே ஒதுக்கின இடம். நானும் டெஸ்மண்டும் அங்கதான் படுக்கப் போறோம். ஒருத்தர் மேல ஒருத்தரா... சிரிக்காதீங்க ஐயா.

கல்லுல இருக்கற எழுத்தா? ஓ, இப்பத்தான் பளிச்சுனு தெரியுது. படிக்கறேன்... 'ஜைல்ஸ் டஃப்லி, கம்பளி வியாபாரி... எழுபத்தொரு வயதில்... பிரம்மச்சாரியாகவே...'

பிரம்மச்சாரியாவா?...

இருந்தா என்ன? கல்யாணம் ஆகலைன்னுதானே போட்டிருக்கு? புள்ளை இல்லைன்னு போடலையே! வீட்டுல வேலைக்காரி இல்லாமயா இருந்திருப்பாரு? நீங்க பாதிரியார், உங்களுக்கு இதெல்லாம் புரியாது... ஓ, நாலு புள்ளை பெத்தவரா? சரி சரி, புரியும்.

அடுத்த வரியா? இன்னும் பாசிக்குள்ள இருக்கு... யோவ், நிறுத்துய்யா!... உங்களை இல்லை ஐயா! டெஸ்மண்ட், மிஷினை நிறுத்து! அங்க பீச்சாத... அங்க பீச்சாதய்யா!... 'வாரிசு... எவரும்... இன்றி...'

ஒண்ணுமில்லை ஐயா. வெறும் பூ வேலைப்பாடு... ஈனிட்டா? ஆமா, கேட்டைத் திறந்துட்டு வரா. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டே வரா...

ஐயா, சீக்கிரம் சொல்லுங்க, அந்தத் தயிரு... கெட்டியா பூசணுமா, தண்ணியாவா?... ஹலோ? ஐயா?... வெச்சுட்டாரு.

டெஸ்மண்ட், கடைக்கு ஓடு! ரெண்டு தயிரும் வாங்கிட்டு வா. அதுவரைக்கும் இந்தக் கடைசி வரியை நான் முதுகை வெச்சு மறைச்சுக்கறேன்.