பின்மூடிக்குள் இரண்டு பேட்டரி

முதுகில் இந்த இடத்தில் விரலை வைத்தாலே உயிர் போகிறது, டாக்டர். பதினாறு வருடம் இரும்புக் கிடங்கில் சுமை தூக்கிய முதுகு. நீங்கள் கேட்டது என் மாமாவைப் பற்றி. ஆனால் விஷயம் இந்த முதுகிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர். அதே கிடங்கில் கிரேன் ஓட்டினார். மேலே கண்ணாடிக் கூண்டு, மெத்தை போட்ட நாற்காலி. கீழே வெயிலில் நான், கம்பிக்கட்டுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டு. கிரேன் ஓட்ட என்னிடமும் லைசென்ஸ் இருந்தது. நாற்காலிதான் ஒன்றே ஒன்று.

கூண்டில் சின்ன ரேடியோ ஒன்று வைத்திருந்தார். பேட்டரி தீராமலிருக்கத் தினமும் சாயங்காலம் கழற்றி, காலையில் அவரே திரும்பப் போடுவார்; பாட்டு கேட்பது சாப்பாட்டுக்குப் பிறகுதான். ஒருநாள் சாப்பாட்டுக்கு அவர் இறங்கிப் போன நேரத்தில் அதன் பேட்டரி இரண்டையும் என் டார்ச்சுக்குக் கழற்றினேன். திரும்ப வைக்கும்போது தலைமாற்றி வைத்துவிட்டேன். அது சத்தியமாகத் தெரியாமல் செய்தது. மாமா குமிழைத் திருகியதும் கருகல் நாற்றம்தான் வந்தது. பின்மூடியைத் திறந்தவர் அசடு வழிந்தார்.

"காலையில நான்தானே போட்டேன். எப்படி மாத்திப் போட்டேன்?"

மேஸ்திரி விடவில்லை. "பேட்டரியிலயே உங்களுக்குத் தல கால் தெரியல. நாளைக்கு இரும்ப எங்க தலையில இறக்கிடாதீங்கண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் எனக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது.

ரேடியோவை நானே சரிசெய்தேன். கருகிய பாகத்தைப் பிடுங்கிவிட்டு, ஓட்டை ரேடியோ ஒன்றிலிருந்து எடுத்த பாகத்தைப் பற்றவைத்தேன். பாடியது. "மாப்பிள்ள, உன் கை தங்கம்டா" என்றார் மாமா. பத்து நாள் பொறுத்து, இந்த முறை தெரிந்தே மாற்றிப் போட்டேன். மறுபடி சரிசெய்தேன். வேலையில் குறை வைக்கவில்லை, டாக்டர். முன்பைவிடத் தெளிவாகவே பாடியது.

மூன்றாம் தடவை அவர் யாரிடமும் காட்டவில்லை. துண்டில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார்.

"அக்காகிட்ட சொல்லிடாதடா."

சொல்லமாட்டேன் என்றேன். சாயங்காலமே சொன்னேன். கட்டியவளுக்குத் தெரியாமல் இருக்கலாமா?

அடுத்த வாரம் அவராகவே போய் மேஸ்திரி மேசையில் கிரேன் சாவியை வைத்தார். "என் கைய எனக்கே நம்ப முடியல. கீழ ஆளுங்க நிக்கிறாங்க." யாரும் அவரைத் தள்ளவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கம்பியைக்கூட அவர் தவறி இறக்கியதில்லை. மறுநாள் முதல் நாற்காலியில் நான்.

வீட்டில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் அக்காவிடம் கேட்க ஆரம்பித்தார். அடுப்பை அணைத்தேனா, சாப்பிட்டேனா, இது என் செருப்புதானா. அக்கா தையல் ஆலைக்குப் போகிறவள். "இவரத் தனியா எப்படிடா விட்டுட்டுப் போவேன்?" என்று அழுதாள்.

"வெளிய பூட்டிட்டுப் போக்கா" என்றேன்.

எட்டு மாதமாகப் பூட்டிக்கொண்டுதான் போகிறாள். பகல் முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தெருவில் போகும்போது கையசைப்பேன். நான்தானா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பதிலுக்கு அசைப்பார்.

இப்போது நீங்கள் சோதித்துப் பார்த்துவிட்டு, இவருக்கு மறதியே இல்லை, யார் இப்படி நம்பவைத்தது என்கிறீர்கள். நான்தான். மறதி இல்லை என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவருக்கு ஓய்வு கிடைத்தது. என் முதுகுக்கு உட்கார இடம் கிடைத்தது. ரேடியோவும் நன்றாகப் பாடுகிறது. இதில் காசு விட்டவன் நான் ஒருவன்தான். அக்காவிடம் நீங்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அப்படியே இதையும் ஞாபகப்படுத்துங்கள்: கதவுக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்தது நான். அந்தக் காசை அவள் இன்னும் தரவில்லை.