“வாக்களித்தார்!” என்று சொன்ன குரல்

தலைமை ஏற்றிருக்கும் மன்றத் தலைவர் தோழர் தெவில்டர் அவர்களே! தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நெசவாலைப் பெரியவர்களே! காலையிலிருந்து உருளைக்கிழங்கு உரித்து, முயல் கறி வேகவைத்து, இப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்கும் தாய்மார்களே! ஊதுகுழலைத் துடைத்துத் துடைத்து என் பேச்சு எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் வாத்தியக் குழுத் தம்பிகளே! கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், யாராவது போ என்றால் உடனே போய்விட வசதியாக உட்கார்ந்திருக்கும் என் கொழுந்தனார் ஃபிர்மேன் அவர்களே! உங்கள் அனைவருக்கும் ஒதீல் கொத்ரோனின் வணக்கம்.

எல்லோரும் ஏன் திரும்பிப் பார்க்கிறீர்கள்? அவனை அழைத்தது நான்தான். என் புருஷன் படத்தைத் திறக்கிற நாளில் அவர் கூடப்பிறந்தவன் வரக்கூடாதா?

நான் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஆலையில் நூல் முடிச்சுப் போட வந்தவள். பெரிய பெரிய வார்த்தை எனக்கு வராது. என் ஜிலேனுக்கு வரும். மார்ச் மாதம் அவரை மண்ணில் வைத்ததிலிருந்து வீட்டில் வார்த்தையே இல்லை. புறாக் கூண்டில் மட்டும்தான் சத்தம். அதனால் எனக்குத் தெரிந்த பேச்சில், நான் கண்ட அதிசயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று. அன்றிலிருந்து தொலைக்காட்சியில் கழுத்துப்பட்டை கட்டியவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பிரெஞ்சு ஜனங்கள் வலது பக்கம் சாய்கிறார்களா? சாய்கிறார்களா, சாய்ந்துவிட்டார்களா, சரிந்தேவிட்டார்களா? அவர்களுக்கு வரைபடம் இருக்கிறது, வண்ணம் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? எனக்குக் கை இருக்கிறது. ஓட்டை எண்ணிய கை!

நம் நாட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஓட்டை எண்ணுவது அதிகாரி இல்லை, நாம்தான். மேசைக்கு நாலு பேர். ஒருவர் உறையைப் பிரிப்பார், ஒருவர் பெயரை உரக்கப் படிப்பார், இரண்டு பேர் கோடு போடுவார்கள். என் குரல் கணீரென்று இருக்கிறதாம், என்னைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். வலதுசாரி வேட்பாளர் பெயர். அடுத்தது. அதே பெயர். அடுத்தது. அதே பெயர். தறியில் நாடா ஓடுகிற மாதிரி அதே பெயர், அதே பெயர், அதே பெயர்! நடுநடுவே நம் இடதுசாரிப் பெயர் வந்தபோது, கூட்டத்தில் நம்மாள் கையைப் பிடித்த மாதிரி இருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் முந்நூற்று எழுபத்தொன்று அந்தப் பக்கம். இது எந்த ஊர்? செங்கொடி இல்லாமல் கல்யாண ஊர்வலம்கூடப் போகாத ஊர்!

ஓர் உறையில் சீட்டே இல்லை. நம் பழைய பேருந்தின் நேர அட்டவணை இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்பு நிறுத்தினார்களே, அதே பேருந்து. செல்லாத ஓட்டு என்று தனியாக வைத்தோம். சிரித்தோம். சிரித்துவிட்டு ஒருத்தரும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த முந்நூற்று எழுபத்தொன்றைக் கேட்டுத்தான் மன்றக் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. படம் திறந்தவுடன் கை தூக்கி நிறைவேற்றப் போகிறார்கள். ஒவ்வொரு உறுப்பினரும் “நான் வலதுசாரிக்கு ஓட்டுப் போட்டதில்லை, போடவும் மாட்டேன்” என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாதவருக்கு மன்றத்தில் இடமில்லை. சீட்டாட்டம் இல்லை, பீர் இல்லை, புறாப் பந்தயம் இல்லை, மே நாள் விருந்தில் தட்டு இல்லை. அதற்குப் பெயர் என்ன? ஜிலேன் உறுதிமொழி. என் புருஷன் பெயர்!

கை தட்டாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ஏன் அவர் பெயர் என்று எனக்குப் புரிகிறது. ஏழு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேசையில் நான் சுட்ட பாலாடைக்கட்டிப் பணியாரம். ஃபிர்மேன் வாயில் ஒரு துண்டை வைத்துக்கொண்டே சொன்னான். “இந்தத் தடவை நான் அந்தப் பக்கம் போட்டுட்டேன் அண்ணே. மனசுல வச்சுக்கிட்டு உன் வீட்ல சாப்பிட முடியாது, அதான் சொல்லிட்டேன்.”

என் புருஷன் எழுந்தார். “நம்ம அப்பா எந்த ஆலை வாசல்ல அடி வாங்கினார்னு ஞாபகம் இருக்காடா?”

“இருக்கு. அந்த ஆலைதான் இப்போ இல்லையே அண்ணே.”

“வெளிய போ!”

“இந்தத் துண்டைத் தின்னுட்டுப் போறேனே.”

“தட்டோட போடா!”

அவன் தட்டோடு போனான். தெருவெல்லாம் பார்த்தது, ஒரு பெரிய ஆம்பிளை பணியாரத் தட்டை ஏந்திக்கொண்டு மழையில் போவதை. அந்தத் தட்டு இன்றுவரை என் வீட்டுக்குத் திரும்பவில்லை. என்ன ஃபிர்மேன்? ...பத்திரமாக இருக்கிறதாம். சரி.

மறுநாள் இவர், இரண்டு பேரும் சேர்ந்து வளர்த்த புறாக் கூண்டுக்கு நடுவில் கம்பி வலை அடித்தார். அந்தப் பக்கம் தம்பி புறா, இந்தப் பக்கம் அண்ணன் புறா. பறக்க விட்டால் பாதிப் புறா மாறி இறங்கும். “இதுங்களுக்குக் கட்சி கட்டுப்பாடே கிடையாது” என்று திட்டிக்கொண்டே இவர் பிரித்துப் பிரித்து விடுவார். ஏழு வருஷம் அண்ணன் தம்பி பேசவில்லை.

இல்லை. பேசினார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

இருபத்தாறு வருஷமாக நம் ஊர் வாக்குச்சாவடியில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவர் யார்? உறை உள்ளே விழுந்ததும், வந்தவர் பெயரைச் சொல்லி, “வாக்களித்தார்!” என்று சுவர் அதிரக் கூவியவர் யார்? மாவட்டத் தலைவருக்கும் அதே குரல், மாடு மேய்க்கிறவருக்கும் அதே குரல். சட்டம் அப்படி. பகையாளி வந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஃபிர்மேன் வந்தாலும் சொல்லத்தான் வேண்டும்! ஏழு வருஷத்தில் எட்டுத் தேர்தல். எட்டுத் தடவை என் புருஷன், முகத்தைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துக்கொண்டு கூவினார்: “கொத்ரோன் ஃபிர்மேன்! வாக்களித்தார்!”

அடக்கத்தன்று இவன் கல்லறைச் சுவருக்கு வெளியே நின்றான். நான் போய்க் கேட்டேன், ஏன்டா உள்ளே வரவில்லை என்று. “அண்ணி, எனக்கு எந்தக் கட்சி மேலயும் இப்போ பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனா ஒரு தேர்தலையும் விட்டதில்ல. காய்ச்சல்லகூட வந்தேன். அண்ணன் வாயால என் பேரைக் கேக்கற இடம் அது ஒண்ணுதானே” என்றான்.

...இருங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தலைவரே, நீங்கள் கேட்டீர்கள் என்று வியாழக்கிழமை அவருடைய சங்கப் புத்தகத்தைத் தேடினேன். அவருடைய நல்ல கோட்டின் உள்பையில் பழைய பணப்பை. அதற்குள் எங்கள் கல்யாணப் படம். படத்துக்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு சீட்டு. இதோ, இந்தச் சீட்டு. மடிப்பு தேய்ந்து துணி மாதிரி ஆகிவிட்டது. தேதி அச்சடித்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முந்திய தேர்தல், இரண்டாம் சுற்று. பெயரும் இருக்கிறது. நம் வேட்பாளர் பெயர். இடதுசாரிப் பெயர்.

தலைவர் தோழர் என்ன சொல்கிறார்? “பாத்தீங்களா, கடைசி வரைக்கும் நெஞ்சுல சுமந்திருக்கார்!” என்கிறாரா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்து முத்தம் கொடுத்தேன். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்தேன்.

யோசித்துப் பாருங்கள். மேசையில் இரண்டு சீட்டு, வேட்பாளருக்கு ஒன்றாகப் பெயர் அச்சடித்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டுதான் திரைக்குள் போவோம், ஒன்றை மட்டும் எடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று. உள்ளே ஒன்று உறைக்குள் போகும். மற்றது? மற்றது பையில் தங்கும்.

இது பையில் தங்கிய சீட்டு!

தேர்தலுக்கு முன்பே எல்லார் வீட்டுக்கும் தபாலில் இரண்டு சீட்டும் வருமே, அதுவாக இருக்கலாமே என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். அவருக்கு வந்த தபால் உறை பிரிக்காமல் அடுப்படி இழுப்பறையில் கிடக்கிறது.

 

என் புருஷன் அந்தப் பக்கம் போட்டாரா? எனக்குத் தெரியாது. வெறும் உறையைப் போட்டாரா? எனக்குத் தெரியாது. அந்த வசந்தத்தில்தான் நம் கடைசி மருத்துவர் ஊரைவிட்டுப் போனார். என் புருஷனுக்கு முதல் தடவை நெஞ்சு வலித்தபோது ஆம்புலன்ஸ் வண்டி வர ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. தரையில் படுத்துக்கொண்டு, “நம்ம ஆளுங்க யாருக்காவது போன் பண்ணு ஒதீல்” என்றார். யாருக்கு என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. தேர்தலன்று காலை இரண்டு தடவை முகம் மழித்தார்.  அவருக்கு அவரே கூவ முடியாதே, நீங்கள்தானே தலைவரே கூவினீர்கள்: “கொத்ரோன் ஜிலேன்! வாக்களித்தார்!” அவ்வளவுதான் உலகத்துக்குத் தெரியும். அவ்வளவுதான் எனக்கும் தெரியும்.

முப்பத்தெட்டு வருஷம் ஒரே கட்டில், ஒரே மேசை, ஒரே சிக்கரிக் காப்பி. அவர் இருமினால் எந்த இருமல் என்று சொல்வேன். ஆனால் அந்தச் சாம்பல் நிறத் திரை இருக்கிறதே, ஒரு முழத் துணி, அதற்குள்ளே என்னால் எட்டிப் பார்க்க முடியவில்லை. அம்மாடி! ஒரு முழத் துணிக்குள் எவ்வளவு பெரிய இடம்! அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் தனித்தனியாக உள்ளே போய், அப்பா பட்ட அடியையும், மூடிய ஆலையையும், வராத பேருந்தையும், பயத்தையும், கோபத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வெளியே வருகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. போடவும் முடியாமல், எறியவும் முடியாமல், இரண்டு வருஷம் கல்யாணப் படத்துக்குப் பின்னால் அந்தச் சீட்டை வைத்திருந்த மனுஷன் உள்ளே எவ்வளவு தனியாக இருந்திருப்பார்!

யார் அது? ஸொஹ்ராவா? எழுந்து நின்று கேளம்மா. “அப்போ நாங்க பயப்பட வேண்டாமா ஒதீலக்கா? அந்தப் பக்கத்துச் சீட்டு எங்களைப் பத்தியும்தானே பேசுது?” என்கிறாள். நம் ரொட்டிக் கடை ஸொஹ்ரா. இங்கேயே பிறந்தவள். அவள் அப்பா கடல் தாண்டி வந்து நம்மோடு நூற்றவர். வந்தேறிகளை வெளியே அனுப்புவோம் என்றுதானே அந்தப் பக்கம் சொல்கிறது.

பேசுகிறது ஸொஹ்ரா. உன்னைப் பற்றித்தான் பேசுகிறது. நான் மறைக்க மாட்டேன். திங்கட்கிழமை காலை நீ கடை திறந்தபோது என்னிடம் என்ன சொன்னாய்? “ரொட்டியைக் குடுக்கும்போது ஒவ்வொரு மூஞ்சியா தேடறேன் அக்கா, நீயா, நீயான்னு. எனக்கே அசிங்கமா இருக்கு” என்றாய். உனக்கு எதற்கடி அசிங்கம்? முந்நூற்று எழுபத்தொரு பேரும் உன் ரொட்டியைத்தானே தின்கிறார்கள்! ஃபிர்மேன், உன்னை இந்த மன்றத்திலிருந்து தள்ள நான் விட மாட்டேன். ஆனால் நாளைக்கு ரொட்டி வாங்கும்போது தரையைப் பார்க்காதே. அவள் கண்ணைப் பார்த்துச் சொல், என்ன நினைத்துப் போட்டாய் என்று. அவள் சொல்வதையும் நின்று கேள். திட்டினாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். ரொட்டியோடு அதையும் வாங்கிக்கொண்டு வா!

ஜனங்கள் வலது பக்கம் சாய்கிறார்களா? ஆமாம். எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன், ஆமாம். ஏன் சாய்கிறார்கள்? கேட்காமல் கதவைச் சாத்தினால் எப்படித் தெரியும்? உறுதிமொழி நிறைவேறினால் முதலில் யாரைத் தள்ள வேண்டும்? ஃபிர்மேனையா? இல்லை தோழர்களே. இந்தப் படத்தை!

நான் சாகும்வரை இடது பக்கம்தான் போடுவேன். அது என் சீட்டு. ஆனால் கை தூக்கச் சொல்லி என் புருஷன் பெயரில் கேட்காதீர்கள். மேடைத் திரையைப் பாதி இழுத்து விடுங்கள். தாய்மார்களே, அந்தச் சூப்புப் பானையைக் கழுவிக் கொண்டுவாருங்கள். “வேண்டும்”, “வேண்டாம்” என்று எழுதிய சீட்டு ஆளுக்கு இரண்டு. ஒவ்வொருவரும் தனியாக உள்ளே போங்கள். தனியாக இருந்து பாருங்கள்.

இப்போது படத்தைத் திறக்கிறேன். இந்தத் துணியை விலக்க எனக்கு உரிமை இருக்கிறது. ஓட்டுச் சாவடியின் அந்தச் சாம்பல் துணியை விலக்க இல்லை. இதோ... வணக்கம் ஜிலேன். பாருங்கள், வாயைத் திறந்தபடியே இருக்கிறார், யாருக்கோ கூவுகிற மாதிரி.

இவ்வளவு நேரம் ஒரு ஆலைக்காரியின் பேச்சைப் பொறுத்த தலைவருக்கும், அழுத பெரியவர்களுக்கும், அழாத மாதிரி மூக்கைச் சிந்திய தம்பிகளுக்கும், எழுந்து கேட்ட ஸொஹ்ராவுக்கும் நன்றி, நன்றி. முதல் சீட்டைப் போட ஒருவர் வேண்டும். ஃபிர்மேன், எழுந்து வா. நடுவில் வழி விடுங்கள். பயப்படாதே, வா. உன் அண்ணன் குரல் இல்லை. அதனால் இந்தச் சபையே அந்தக் குரலாக வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டு விடைபெறுகிறேன். அவன் சீட்டு பானையில் விழுந்ததும், சுவர் அதிரச் சொல்லுங்கள்:

கொத்ரோன் ஃபிர்மேன்! வாக்களித்தார்!